டிரினிடாட் பார்க்கப் போனோம்

கடந்த சனிக்கிழமை, டல்லாஸ் பக்கம் காப்பெலில் நாம் வழக்கமாகப் போகும் மளிகைக் கடையின் பார்க்கிங்கில் ஒரு மின்சாரக் கார் தன் இரண்டு பின்கதவுகளையும் மேலே தூக்கிக்கொண்டு நின்றது. அந்த வகைக் கார் இப்போது நம் பக்கத்தில் தெருவுக்குத் தெரு நிற்கிறது. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒருவர் உள்ளே குனிந்து அரிசி மூட்டையைச் சரித்து வைத்துக்கொண்டிருந்தார். நான் கறிவேப்பிலையும் தயிருமாக வெயிலில் நின்று, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்தேன். மேல்நோக்கித் திறக்கும் கதவைக் கண்டால் காற்றைப் பார்ப்பது உன்னிடமிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். அன்று தெற்கிலிருந்து நல்ல காற்று. நம்முடைய டொபாகோ விமானமாக இருந்திருந்தால் நீ ஒரு கையால் கதவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "சீக்கிரம் ஏறுடி, கீல் பிச்சுக்கும்" என்றிருப்பாய்.

காரின் கதவுகள் தாமாகவே மெதுவாக இறங்கி மூடிக்கொண்டன. வீட்டுக்கு வந்து தயிரை உள்ளே வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

உன் நினைவுக் கூட்டத்தில் நான் பேசவில்லை. சர்ச் ஹாலில் மைக் என்னிடம் வந்தபோது தலையை ஆட்டிவிட்டு அடுத்த நாற்காலிக்குத் தள்ளிவிட்டேன். நீ கொயரில் பாடியதைப் பற்றிச் சொன்னார்கள். நீ வைக்கும் மீன்குழம்பைப் பற்றி, ஆபீசில் நீ யாருக்கு எப்போது விட்டுக்கொடுத்தாய் என்பதைப் பற்றி. உன் கணவர் ஸ்டீபன் அண்ணா விமானத்தைப் பற்றி ஒரே ஒரு வரி சொன்னார்: "அவளுக்கு பிளேன்னா ரொம்ப இஷ்டம்." அதற்கு மேல் அவரால் முடியவில்லை. மீதியை நான் எழுதுகிறேன். பலர் முன்னால் பேச எனக்கு வராது. எழுத ஓரளவு வரும்.

நீயும் நானும் ஒரே ஆபீசில், ஒரே வரிசையில் உட்கார்ந்தோம். நீ காரைக்கால், நான் பொள்ளாச்சி. என் "ங்க"வைக் கேட்டு நீ சிரிப்பாய். உன் "என்னங்கறே"யைக் கேட்டு நான். ஒரு நாள் மதியச் சாப்பாட்டின்போது, தையல் வகுப்புக்குப் போகிறவள் சொல்வதுபோல, "ஞாயித்துக்கிழமை பிளேன் ஓட்டக் கத்துக்கறேன், வந்து பாக்கறியா" என்றாய். வேடிக்கை பார்க்க வந்தேன். அடுத்த மாதம் நானும் சேர்ந்துவிட்டேன்.

டல்லாசுக்கு வடக்கே அந்தச் சின்ன விமானத் திடலில் இருந்த பயிற்சிப் பள்ளி, எல்லாப் பள்ளிகளையும்போல அமெரிக்க விமானங்களைத்தான் வைத்திருந்தது, ஒன்றைத் தவிர. யாரோ விட்டுச்சென்ற, டாம்பிகோ என்ற பழைய பிரெஞ்சு விமானம் ஒன்று ஓரத்தில் வெளுத்துப்போய் நின்றது. மற்ற மாணவர்கள் அதைத் தொடமாட்டார்கள். அதன் வால் ஒரு தினுசாக இருக்கும்: நிமிர்ந்த வால் முன்னால் நிற்க, படுத்த வால் அதற்கும் பின்னால் தள்ளி இருக்கும். "யாரோ அவசரத்துல ஒட்ட வெச்ச மாதிரி இருக்கு" என்றேன். நீ அதன் கதவுக்குக் கீழே ஒட்டியிருந்த சிறிய பிரெஞ்சு வாசகத்தை எழுத்துக்கூட்டிப் படித்து, அர்த்தம் சொல்லி, அன்றே அதை உன்னுடையதாக்கிக்கொண்டாய். காரைக்காலில் பள்ளியில் படித்த பிரெஞ்சு, பிழைப்புக்கு எதற்கும் உதவாமல் கிடந்தது, டெக்ஸாஸில் ஒரு விமானத்தின் கதவில் வேலைக்கு வந்தது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாய்.

அதன் பிறகு அந்த விமானக் குடும்பத்தின் வரலாறு முழுவதையும் நான் கேட்டாகவேண்டியிருந்தது. ஃப்ரீவேயில் நெரிசலில் நிற்கும்போது, கண்ணாடியைத் துடைக்கும்போது, மைக்ரோவேவ் முன்னால் காத்திருக்கும்போது என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாய். நீ ஒரு விமானத்தை எப்போதும் தனியாகப் பார்த்ததில்லை, உறவுமுறையோடுதான் பார்த்தாய்.

"பேருக்கு முன்னால டி.பி.ன்னு போட்டிருக்கே, அப்படின்னா என்ன?"

"தார்ப். ஊர் பேரு. பிரான்ஸ்ல தெக்க, பிரனீஸ் மலை அடிவாரம். நீ எழுத்தப் பாத்து டார்பெஸ்னு படிக்காத, மானம் போயிடும்."

அந்த ஊர்த் தொழிற்சாலை முதலில் ராலி என்ற விமானத்தைத்தான் செய்துகொண்டிருந்தது. அதை நீ அம்மா என்பாய். கூரை பின்னால் நகர்ந்து திறக்கும். மெதுவாகப் பறக்கும்போது இறக்கையின் முன்விளிம்பு தானாக வெளியே நீண்டு தாங்கிப் பிடிக்கும். புல்தரையோ மேடு பள்ளமோ, எங்கும் இறங்கும். எஞ்சின் இல்லாத கிளைடர்களை இழுத்துக்கொண்டுபோனது, விவசாயிகளிடம் இருந்தது, சில நாடுகளில் பட்டாளத்துக்கும் உழைத்தது. எழுபதுகளில் அதற்கு வயதாகிவிட்டது. காரில் போகிற குடும்பம் அப்படியே ஏறி உட்கார்ந்து ஊருக்குப் போவதுபோல் ஒன்று வேண்டும் என்று புதிதாக வரைந்தார்கள். அகலமான உள்ளறை, காரில் இருப்பதுபோன்ற முன்பலகை, இரண்டு பக்கமும் மேலே திறக்கும் கதவுகள். எஞ்சின் மட்டும் அமெரிக்காவிலிருந்து போனது.

"உடம்பு பிரெஞ்ச், எஞ்சின் அமெரிக்கா, ஓட்டறது காரைக்கால்" என்பாய்.

"பொள்ளாச்சிய மறந்துட்டீங்க."

"பொள்ளாச்சி பின்சீட்டு."

அதே உடம்பில்தான் மூன்று பேரும் பிறந்தார்கள். ஒன்பதாம் எண் டாம்பிகோ: குறைந்த சக்தி, பயிற்சிக்கு. பத்து டொபாகோ: கொஞ்சம் கூடுதல் சக்தி, பறக்கும்போதே கோணத்தை மாற்றிக்கொள்ளும் முன்விசிறி. இருபது டிரினிடாட்: பெரிய எஞ்சின், மேலே போனதும் சக்கரங்களை உள்ளே மடித்துக்கொள்ளும், நீண்ட தூரம் போகும். அதிலேயே டர்போ வைத்தது இருபத்தொன்று. பிற்பாடு டொபாகோவுக்கே எஞ்சினைப் பெரிதாக்கி இருநூறு என்று ஒன்று. முப்பது என்பது ஒருவர் பின்னால் ஒருவர் உட்காரும் ராணுவப் பயிற்சி விமானம். "பட்டாளத்துக்குப் போன பையன், வீட்டுக்கு வரதே இல்ல" என்பாய். பத்துக்கும் இருபதுக்கும் நடுவில் மற்ற எண்களெல்லாம் என்ன ஆயின என்று கேட்டதற்கு, "குடும்பக் கட்டுப்பாடு" என்றாய். இரண்டாயிரம் வாக்கில் கூரையை உயர்த்தி, இறக்கை நுனிகளை மேலே வளைத்து எல்லோருக்கும் ஒரு புது அலங்காரம் செய்துபார்த்தார்கள். சில வருடங்களில் தொழிற்சாலை இந்தக் குடும்பத்தைச் செய்வதையே நிறுத்திக்கொண்டது.

பெயர்கள்தான் உனக்குக் குறை: டொபாகோவும் டிரினிடாடும் கரீபியன் தீவுகள். காரைக்கால் துறைமுகத்திலிருந்து பிரெஞ்சுத் தீவுகளுக்குக் கூலி வேலைக்கு ஆள் ஏற்றிப்போன கதையை நான் படித்திருந்தேன், அதைச் சொன்னேன். நீ ஸ்டியரிங்கைத் தட்டினாய். "அதத்தான் சொல்றேன். எங்க ஊர் சனம் போனது மார்த்தினிக், குவாதலூப். டிரினிடாட் பிரிட்டிஷ்காரன்து. பேரு வெச்சவனுக்கு சொந்தத் தீவு ஞாபகம் வரல பாரு."

லைசென்ஸ் வாங்கிச் சில வருடம் கழித்து, நாம் இருவரும் சேர்ந்து ஒரு டொபாகோவை வாங்கினோம். உன் வீட்டில் ஸ்டீபன் அண்ணா தலையில் கைவைத்துக்கொண்டார். "ஊர்ல ரெண்டு பொம்பளைங்க சேந்தா சீட்டுப் போடுவாங்க, இதுங்க பிளேன் வாங்குதுங்க" என்று எல்லோரிடமும் சொன்னார். ஆனால் முதல் ஆளாக உங்கள் மகள் இவாவைத் தூக்கிக்கொண்டு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தவரும் அவர்தான். அவள் அப்போது குழந்தைக் கார் சீட்டில் வரும் வயது. பேச்சு வரத் தொடங்கியதும் அவள் அந்த விமானத்தைத் "தாத்தா கார்" என்றாள், ஏன் என்று யாருக்கும் தெரியாது.

உன் நோயைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. நீயே அதைப் பற்றி அதிகம் பேசியதில்லை. ஆபீசில் விடுப்பு போட்டாய், தலையில் பருத்தித் துணி கட்டிக்கொண்டாய், மற்றபடி அதே ஆள். உனக்கு உறைத்தது ஒன்றுதான்: மருத்துவச் சான்று. அது இல்லாமல் விமானத்துக்குப் பொறுப்பாக நீ பறக்கக் கூடாது. வேறு பைலட் பொறுப்பேற்றுப் பக்கத்தில் உட்கார்ந்தால் கை வைக்கலாம். அதனால் டொபாகோவில் ஓட்டுபவரின் இடது சீட்டு எனக்கு வந்தது, வலது உனக்குப் போனது. சீட் மாறிய முதல் நாள், நீ சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, "இந்தப் பக்கத்துலேர்ந்து ஏரி நல்லாத் தெரியுது" என்றாய்.

அந்தக் கோடையில் ஒரு நாள் போனில் ஒரு விளம்பரத்தைக் காட்டினாய். டெக்ஸாஸின் ஹில் கன்ட்ரி பக்கம், பீச் பழத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சின்ன ஊரில், ஒருவர் தன் டிரினிடாடை விற்கிறார்.

"டாம்பிகோல கத்துக்கிட்டேன். டொபாகோ வெச்சிருக்கேன். மூணாவது ஆள நான் தொட்டதே இல்ல" என்றாய். "ஒரே ஒரு தடவ நானே தரையில இறக்கணும். அவ்ளோதான்."

அவ்வளவுதான். பெரிய ஆசை ஒன்றும் இல்லை. ஆனால் உன் கைகளில் விரல்நுனிகள் அப்போதே மரத்துப்போகத் தொடங்கியிருந்தன. பாட்டிலைத் திறந்து தரச் சொல்லி என்னிடம் நீட்டுவாய். எவ்வளவு நாள் கையில் இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. அதிகம் இல்லை என்று தெரியும்.

"வாங்கறதா இல்லையே, எப்படிப் போய்க் கேக்கறது?"

"பாக்கப் போறோம்டி. பாத்தா வாங்கணும்னு சட்டமா?"

நம் டொபாகோவிலேயே போனோம். வெய்ன் என்பது அவர் பெயர். எழுபதைத் தாண்டியவர், மனைவி இல்லை, விமானம் நிறுத்தும் ஹேங்கரின் ஒரு மூலையில் குளிர்பெட்டியும் இரண்டு சோபாவும் போட்டிருந்தார். நமக்காக ஐஸ் டீ கலந்து வைத்திருந்தார், தட்டில் பிஸ்கட். டிரினிடாடைத் துடைத்து நடுவில் நிறுத்தியிருந்தார். நீ என் பக்கம் சாய்ந்து மெதுவாக, "பஜ்ஜி சொஜ்ஜிதான் பாக்கி" என்றாய். எனக்கு டீ மூக்கில் ஏறிவிட்டது. வெய்ன் நாப்கின் எடுத்துக் கொடுத்தார்.

அதிலிருந்து நாம் இருவரும் ஒழுங்காக நடந்துகொள்ள முடியவில்லை. அவர் எஞ்சின் மூடியைத் திறந்து காட்டினார்; "பொண்ணு நல்லாப் படிச்சிருக்கா" என்றாய். புதிதாகத் தைத்த சீட்டைக் காட்டினார். "கைவேலையெல்லாம் தெரியும்" என்றேன். வலது இறக்கையின் கீழே பழைய ஒட்டு ஒன்று இருந்ததை அவரே சொன்னார். நீ அதைத் தடவிப் பார்த்துவிட்டு, சிரிக்காமல், "மறைக்காம சொல்றாங்க, நல்ல குடும்பம்" என்றாய்.

அவர் வலது சீட்டில், நீ இடது சீட்டில், நான் பின்னால். ஏறியதும் சக்கரங்கள் உள்ளே மடங்கும் சத்தம் என் காலுக்கடியில் கேட்டது. விமானம் முன்னால் குனிந்து வேகம் எடுத்தது. உன் பின்னந்தலையின் துணி மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. தோட்டங்களுக்கு மேலே பெரிய வட்டமாக ஒரு சுற்று ஓட்டினாய். திரும்பி வரும்போது பக்கவாட்டில் காற்று எழுந்துவிட்டது. வெய்ன் கொஞ்சம் யோசித்து, தரையிறக்கத்தைத் தானே வாங்கிக்கொண்டார். நியாயம்தான். நீ கையை மடியில் வைத்துக்கொண்டதை சீட் இடுக்கில் பார்த்தேன்.

இறங்கிய பிறகு சோபாவில் உட்கார்ந்து அவர், எப்படி, பிடித்திருக்கிறதா என்று கேட்டார். ரொம்பப் பிடித்திருக்கிறது என்றாய். அது உண்மை. பிறகு ஒரு இடைவெளி வந்தது. அந்த இடைவெளியில் நம் ஊரில் என்ன சொல்வார்களோ, அதை நல்ல ஆங்கிலத்தில் அப்படியே சொன்னாய்: வீட்டுக்குப் போய்க் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம். நான் பக்கத்தில் தலையாட்டினேன். நம் ஊரில் அதற்கு மேல் யாரும் கேட்கமாட்டார்கள். ஒரு வாரம் தகவல் வராவிட்டால் பெண் வீட்டார் புரிந்துகொண்டு அடுத்த ஜாதகத்தைப் பார்ப்பார்கள். முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லாமல் இருப்பது அவர்களுக்குச் செய்யும் மரியாதை. வெய்ன் எழுந்து நின்று நம் இருவர் கையையும் குலுக்கினார். அவசரமே இல்லை, நிதானமாகப் பேசுங்கள் என்றார்.

நாம் ஏர்போர்ட்டைத் தாண்டும் முன்பே சிரிக்கத் தொடங்கிவிட்டோம்.

அடுத்த மாதம் அவர் உனக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினார். உன் வீட்டுச் சமையலறையில், ஸ்பீக்கரில் போட்டாய். ஸ்டீபன் அண்ணா தோசை ஊற்றிக்கொண்டிருந்தார். இவா மேஜைமேல் ஹோம்வொர்க்கை விரித்திருந்தாள். தொந்தரவு செய்வதற்கு மன்னிக்க வேண்டும் என்று வெய்னின் குரல் தொடங்கியது. ஓக்லஹோமாவிலிருந்து ஒருவர் வந்து உடனே வாங்கிக்கொள்கிறேன் என்றாராம். டல்லாஸ் பெண்கள் வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறார்கள், அவர்கள் பதில் வராமல் யாருக்கும் கொடுக்க முடியாது என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டாராம். உங்கள் பேச்சு எப்படிப் போகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் கூப்பிட்டேன் என்று முடித்தார்.

தோசை ஓரம் கருகியது.

"கடவுளே" என்றாய். "அந்த மனுஷன் காத்துக்கிட்டு இருக்காரு."

இவா பென்சிலைக் கீழே வைத்தாள். "அம்மா, டிட் யூ டெல் ஹிம் யூ வான்ட் இட்?"

"இல்லடா. பேசிட்டுச் சொல்றோம்னு சொன்னேன்."

"பட் யூ டோன்ட் வான்ட் இட்."

"வேணாம்னு மூஞ்சிக்கு நேரா சொல்லக்கூடாதுடா. அவருக்குக் கஷ்டமா இருக்கும்."

"சோ தட் வாஸ் எ லை."

"பொய் இல்ல இவா, அது வந்து..." என்று தொடங்கி நீ என்னைப் பார்த்தாய். எனக்கும் அதை அவளுக்கு ஆங்கிலத்தில் விளக்கத் தெரியவில்லை. தமிழிலும் தெரியவில்லை.

ஸ்டீபன் அண்ணா கரண்டியோடு திரும்பி, "ஒரு டெக்ஸ்ட் அனுப்பிடு. சாரி, நாட் இன்ட்ரஸ்டட்னு. முடிஞ்சுது" என்றார்.

"டெக்ஸ்ட்ல சொல்ற விஷயமாங்க இது?"

"அப்ப போன் பண்ணு."

நீ என் பக்கம் திரும்பி, "சனிக்கிழமை வானம் க்ளியரா இருக்கான்னு பாரு" என்றாய்.

எனக்கு அது பிடிக்கவில்லை. இன்னொரு தடவை ஓட்டச் சொல்லிக் கேட்கலாம், காற்று இல்லாத நாளாகப் பார்த்துப் போகலாம், அதன் பிறகு உண்மையைச் சொல்லலாம் என்றேன். முதலில் சொல்லிவிட்டால் டிரினிடாடை நீ இறக்கும் வாய்ப்பு போய்விடும். அதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. நீ காரில் ஏறும்போது சொன்னாய்: "அப்படி இறக்கினா, அது நான் இறக்கினது ஆகாதுடி."

சனிக்கிழமை வானம் தெளிவாக இருந்தது. வழியில் உனக்குக் குமட்டல் வந்தது; நான் தாழப் பறந்தேன், நீ கண்ணை மூடிக்கொண்டு வந்தாய். இறங்கி ஹேங்கருக்கு நடக்கவே உனக்கு இரண்டு இடத்தில் நிற்கவேண்டியிருந்தது. வெய்ன் இந்தத் தடவையும் டீ வைத்திருந்தார். உட்காரக்கூட இல்லாமல் சொல்லிவிட்டாய். நாங்கள் வாங்க வரவில்லை. எனக்கு உடம்பு சரியில்லை. இதை ஒரு தடவை நானே தரையிறக்கவேண்டும் என்று இருந்தது, அதற்காக வந்தோம். பேசிவிட்டுச் சொல்கிறோம் என்றது எங்கள் ஊர் வழக்கம், அதற்கு வேண்டாம் என்றுதான் பொருள். உங்களைக் காக்க வைத்துவிட்டேன். ஓக்லஹோமாக்காரரைக் கூப்பிடுங்கள், முடியுமானால் மன்னித்துவிடுங்கள்.

அவர் சோபாவில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றினார். பிறகு, வாங்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் எஞ்சின் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று கேட்பார்கள், நீங்கள் கேட்கவே இல்லை, அப்போதே தெரியும் என்றார்.

"தெரிஞ்சுமா காத்திருந்தீங்க" என்று நான் ஆங்கிலத்தில் கேட்டேன்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. ஹூஸ்டனில் அவருடைய மகள் இருக்கிறாள். அப்பா தனியாகப் பறக்கக் கூடாது, விற்றுவிடு என்று ஒவ்வொரு ஞாயிறும் போனில் சொல்கிறாள். அவளிடம் முடியாது என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. அதனால் விளம்பரம் கொடுத்தார், விலையை யாரும் வரமுடியாதபடி வைத்தார். அப்படியும் ஓக்லஹோமாக்காரர் வந்துவிட்டார். நல்லவேளையாக அதற்கு முன்பே நாம் வந்து அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டுப் போயிருந்தோம். அதற்குப் பிறகு மகள் கேட்கும்போதெல்லாம், டல்லாஸில் இரண்டு பெண்கள் வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்லிவந்தாராம். அவள் இன்னும் எவ்வளவு நாள் பேசுவார்கள் என்று நச்சரித்ததால்தான் நமக்குப் போன் செய்தாராம்.

நீ அவருக்குப் பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்துகொண்டாய். "வெய்ன், நீங்கள் காரைக்காலில் பிறந்திருக்க வேண்டியவர்" என்றாய். அவருக்கு அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று தெரியாது, தலையாட்டினார்.

டீ குடித்து முடித்தபிறகு அவர் வெளியே போய்க் காற்றின் திசை காட்டும் துணிப்பையைப் பார்த்துவிட்டு வந்தார். காற்று ஓடுபாதைக்கு நேராக இருக்கிறது என்றார்.

அந்தத் தரையிறக்கத்தை நான் பின்சீட்டிலிருந்து பார்த்தேன். சக்கரங்களை இறக்கும் பிடியை உன் விரல்களால் சரியாகப் பற்ற முடியவில்லை. வெய்ன் கை நீட்டவில்லை, காத்திருந்தார். நீ உள்ளங்கையின் அடிப்பாகத்தால் அதைத் தள்ளினாய். சக்கரங்கள் இறங்கிவிட்டன என்று மூன்று பச்சை விளக்குகள் வந்தன. நீ ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தாய். கொஞ்சம் உயரமாகத்தான் வந்தாய். ஓடுபாதையில் பாதியைத் தாண்டித்தான் தொட்டாய். ஒரு தடவை துள்ளி, மறுபடி உட்கார்ந்தது. பரீட்சையாக இருந்தால் குறை சொல்லியிருப்பார்கள். அதன் கால்கள் முழங்காலைப்போல மடங்கி வாங்கிக்கொள்வதால் துள்ளல்கூட மெத்தென்று இருந்தது. நின்ற பிறகு எஞ்சினை அணைக்க நீ அவசரப்படவில்லை.

"நல்லா இல்ல, இல்ல?" என்று திரும்பாமலே தமிழில் கேட்டாய்.

"சுமார்தான்" என்றேன்.

"ம். ஆனா நான் இறக்கினது."

இலையுதிர்காலம் வரை இன்னும் சில தடவை போனோம். ஒவ்வொன்றும் அதற்கு முந்தியதைவிட நன்றாக இருந்தது என்று எழுத ஆசை. அப்படி இல்லை. கடைசித் தடவை நீ சக்கரத்தை இறக்கிவிட்டு, மீதியை வெய்னிடம் கொடுத்துவிட்டாய். அதற்குப் பிறகு நீ கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு வெய்ன் ஒரு பெட்டி நிறையப் பீச் ஜாம் அனுப்பினார். நீ அதைச் சாப்பிடும் நிலையில் இல்லை. இவா தோசைக்குத் தொட்டுக்கொண்டாள்.

உன் அடக்கத்துக்கு வெய்ன் வந்திருந்தார், மகளோடு. அந்தப் பெண்தான் கார் ஓட்டிவந்தாள். கல்லறைத் தோட்டத்தில் அவர் ஸ்டீபன் அண்ணாவின் தோளைத் தொட்டு ஏதோ சொன்னார். என்னவென்று நான் கேட்கவில்லை. என்னிடம் வந்து, மகளிடம் நேராகச் சொல்லிவிட்டேன், விற்கப்போவதில்லை, ஆனால் இனித் தனியாகப் பறக்கமாட்டேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறேன் என்றார். மகள் பக்கத்திலேயே நின்றாள். அவளுக்கு அது முழுச் சம்மதமில்லை என்று முகத்தில் தெரிந்தது. இருந்தாலும் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

டொபாகோவில் உன் பங்கு இப்போது ஸ்டீபன் அண்ணா பெயரில் இருக்கிறது. விற்கலாமா என்று ஒரு தடவை கேட்டார். வேண்டாம் அண்ணா என்று அந்த இடத்திலேயே சொன்னேன். சரிம்மா என்றார். மாதத்தில் ஒரு ஞாயிறு இவாவை அழைத்துக்கொண்டு ஏரிப்பக்கம் போய்வருகிறேன். அவள் வலது சீட்டில் உட்கார்ந்து, எல்லாவற்றுக்கும் ஏன் என்று கேட்கிறாள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். தெரியாததைத் தெரியாது என்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். சென்ற மாதம் பொள்ளாச்சியிலிருந்து அம்மா ஒரு வரன் பார்த்தாள். பையன் கலிபோர்னியாவில், சன்னிவேலில் இருக்கிறான். இரண்டு வீட்டாரும் முதலில் பேசி, ஜாதகம் பார்த்து, பிறகு எங்களை வீடியோவில் பேச விட்டார்கள். நல்ல பையன். நன்றாகப் படித்தவன், பேசத் தெரிந்தவன். ஆனால் பேசிக்கொண்டிருக்கும்போதே எனக்கு இது இல்லை என்று தெரிந்துவிட்டது. வழக்கப்படி, சந்தோஷம்ங்க, அம்மாகிட்ட பேசிட்டுச் சொல்றேங்க என்று முடித்திருக்கலாம். அம்மா அவன் அம்மாவிடம் இழுத்து இழுத்து ஏதாவது சொல்லியிருப்பாள்.

வாயைத் திறந்தபோது, வெய்ன் முன்னால் உட்காராமல் நின்றபடியே பேசிய உன்னை நினைத்துக்கொண்டேன்.

"உங்ககிட்ட நேராவே சொல்லிடறேங்க. எனக்கு இது சரிவராதுங்க. உங்க மேல குறை ஒண்ணும் இல்ல."

திரையில் அவன் நாற்காலியில் பின்னால் சாய்ந்தான்.

"தேங்க்ஸ்ங்க" என்றான். "போன தடவை ஒரு வீட்ல பேசிட்டுச் சொல்றோம்னு சொன்னாங்க. எங்கம்மா தீபாவளி வரைக்கும் போனைப் பக்கத்துலயே வெச்சுட்டு இருந்தாங்க."

என் அம்மாதான் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை.